ஆள் போயாச்சு, பேரு மட்டும் நிக்குது: யுனிக்ஸ் லாகின் ரெக்கார்டு பத்தி கொஞ்சம் விரிவா

சர்வர்ல யாரு லாகின் ஆகி இருக்காங்கன்னு பார்க்க டபிள்யுன்னு ஒரு ஒத்தை எழுத்து கமாண்டை அடிச்சா மேல தலைப்பு வரியில 9 யூசர்ஸ்னு காட்டும், கீழ ஒவ்வொரு வரியா எண்ணினா நாலுதான் தேறும். மீதி அஞ்சு பேர் எங்கன்னு கேட்டா பல இடத்துல கிடைக்கிற பதில், "அது அப்படித்தான் காட்டும், ரீபூட் பண்ணா சரியாயிடும்". ரீபூட் பண்ணா சரியாயிடும்ங்கறது உண்மைதான், ஆனா அந்த அஞ்சு பேரும் எங்கிருந்து வந்தாங்கன்னு தெரியாமலே போயிடும், கொஞ்ச நாள்ல திரும்ப வந்து நிப்பாங்க. எனக்கு இந்த விஷயத்துல ரொம்ப நாளா ஒரு பிடிவாதம் உண்டு. மெஷின்ல இப்போ யாரு இருக்காங்கங்கறது ஒரு அட்மின் கேக்கிற முதல் கேள்வி, பேட்ச் போடறதுக்கு முன்னாடி, ரீஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, ஏதோ சந்தேகமா இருக்கும்போது. அந்தக் கேள்விக்கு மெஷின் தப்பா பதில் சொல்லுதுன்னா அதை அப்படியே விட்டுட்டுப் போக எனக்கு மனசு வராது.

அடிப்படையில இருந்து ஆரம்பிக்கிறேன். லினக்ஸ்ல இந்தத் தகவல் இருக்கிறது /வார்/ரன்/யுடிஎம்பி அப்படிங்கிற ஒரு பைனரி ஃபைல்ல, இப்பல்லாம் வார் ரன்னே ரன் டைரக்டரிக்கு ஒரு லிங்க்தான். 64 பிட் இன்டெல் மெஷின்ல ஒரு ரெக்கார்டு 384 பைட்டு. அதுக்குள்ள பிஐடி (ஓடிட்டு இருக்கிற ப்ரோகிராமோட, அதாவது ப்ராசஸோட நம்பர்), எந்த டெர்மினல், யூசர் பேரு, எங்கிருந்து வந்தாங்க, எப்போ வந்தாங்க, அப்புறம் ரெக்கார்டு என்ன வகைன்னு சொல்ற ஒரு நம்பர். அந்த நம்பர் 7ன்னா ஆள் உள்ள இருக்காரு, 8ன்னா செஷன் முடிஞ்சுது, 2ன்னா மெஷின் பூட் ஆன நேரம். இதுக்கு அண்ணன் தம்பி மாதிரி ரெண்டு ஃபைல் லாக் டைரக்டரியில இருக்கு, டபிள்யுடிஎம்பில வந்தது போனது எல்லாத்தோட வரலாறும், பிடிஎம்பில தோத்துப்போன லாகின் முயற்சிகளும். இங்க முக்கியமா மனசுல வெச்சுக்க வேண்டியது, கர்னலுக்கு, அதாவது ஓஎஸ்ஸோட மையப் பகுதிக்கு, இந்த ஃபைல் பத்தி ஒண்ணுமே தெரியாது. ஒரு ப்ராசஸ் செத்தா கர்னல் அதோட மெமரிய எடுத்துக்கும், திறந்திருந்த ஃபைலை மூடும், லாக்கை விடுவிக்கும், ஆனா யுடிஎம்பில போய் 7ஐ 8ஆ மாத்தாது. அதை யாராவது ஒரு ப்ரோகிராம்தான் எழுதணும். கேட்ல வெச்சிருக்கிற விசிட்டர் நோட்டு மாதிரி, உள்ள வரும்போது எழுதினவரு வெளிய போகும்போது கையெழுத்து போட்டாத்தான் உண்டு.

அப்படின்னா இதை யாரு இப்படி டிசைன் பண்ணாங்கன்னு கோவம் வரும். எனக்கும் வந்துது, அப்புறம் பழைய மேனுவலைப் படிச்சதும் போயிடுச்சு. 1971ல வந்த யுனிக்ஸோட முதல் பதிப்பு மேனுவல்லயே யாரு உள்ள இருக்காங்கன்னு காட்டற ஹூ கமாண்டும் இருக்கு, யுடிஎம்பியும் இருக்கு, அப்போ அது டெம்ப் டைரக்டரியில இருந்துது. அந்தக் காலத்துல டெர்மினல்னா ஒயர் போட்டு மெஷினோட கட்டின டைப்ரைட்டர், இத்தனை லைன்னு கணக்கு உண்டு. ஒவ்வொரு லைனுக்கும், மெஷின் கிளம்பினதும் முதல்ல ஓடற இனிட்தான் ஒரு ப்ராசஸைக் கிளப்பி விடும், அதுதான் வளர்ந்து லாகின் ஆகி, நாம அடிக்கிற கமாண்டை வாங்கற ஷெல் ஆகும். ஷெல் செத்தா பெத்தவன் இனிட்டுக்குத் தகவல் வந்துடும், இனிட் உடனே யுடிஎம்பில இருந்து அந்த வரியை அழிச்சுட்டு, டபிள்யுடிஎம்பில ஒரு வரி சேர்த்துட்டு, அந்த லைனுக்குப் புதுசா ஒண்ணைக் கிளப்பி விடும். அதாவது செத்த சேதி யாருக்குப் போகுதோ அவங்களேதான் கணக்கையும் எழுதினாங்க. அதனால கணக்கு தப்பாகறதுக்கு வாய்ப்பே குறைவு.

அப்புறம் நெட்வொர்க் வந்துது, டெல்நெட், ஆர்லாகின், விண்டோ சிஸ்டம் வந்து எக்ஸ்டெர்ம், கடைசியில எஸ்எஸ்எச், எல்லாம் தூரத்துல இருந்தோ ஒரு விண்டோவுல இருந்தோ உள்ள வர்ற வழிங்க. இதுல எந்த செஷனுக்கும் இனிட் நேரடியா பெத்தவன் இல்ல. ஒவ்வொரு ப்ரோகிராமும் தானே யுடிஎம்பில எழுதிக்கணும், தானே அழிக்கணும். அந்த ப்ரோகிராம் ஒழுங்கா செத்தா அழிக்கும். சிக்கில், அதாவது கில் மைனஸ் 9ங்கற கொல்ற சிக்னலை வாங்கிச்சுன்னா அழிக்க நேரமே கிடைக்காது, ஏன்னா அந்த சிக்னலைப் பிடிச்சு ஏதாவது பண்ண எந்த ப்ரோகிராமாலயும் முடியாது. மெமரி தீர்ந்து கர்னலே ஒரு ப்ராசஸைக் கொல்லும்போதும் இதே 9தான். என் அனுபவத்துல உயிரில்லாத பிஐடியோட நிக்கிற ரெக்கார்டுல பெரும்பகுதி இந்த வழியில வந்தது, ஃபைல் கரப்ட் ஆனதா சந்தேகப்பட்டு மெனக்கெடறவங்களுக்கு முதல்ல இதைத்தான் சொல்லுவேன்.

சரி, கண்டுபிடிக்கிறது எப்படி. இங்கதான் ஒவ்வொரு கமாண்டும் ஒவ்வொரு கதை சொல்லும், அது தெரியலன்னா மணிக்கணக்கா சுத்தலாம். டபிள்யு கமாண்டு ரெக்கார்டுல இருக்கிற பிஐடிய ப்ராசஸ் லிஸ்ட்ல தேடும், கிடைக்கலன்னா அந்த வரியை சத்தமே இல்லாம விட்டுடும். ஆனா தலைப்புல வர்ற யூசர் எண்ணிக்கை அப்டைம் கமாண்டு காட்டற அதே எண்ணிக்கை, அது இந்த சோதனை எதுவும் பண்ணாம 7னு போட்ட ரெக்கார்டு எல்லாத்தையும் கூட்டிடும். ஆரம்பத்துல சொன்ன 9க்கும் 4க்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் இதுதான். அது பக் இல்ல, ஓசியில கிடைக்கிற ஒரு சோதனைன்னே சொல்லலாம், தலைப்பும் வரியும் ஒத்துப் போகலன்னா நிக்கிற ரெக்கார்டு இருக்குன்னு அர்த்தம்.

ஹூ இன்னும் சுவாரஸ்யம். குனு கோர்யுட்டில்ஸ்ல வர்ற ஹூவை சும்மா அடிச்சா அதுவும் பிஐடி உயிரோட இருக்கான்னு பார்த்து, இல்லாததை மறைச்சுடும். அதே ஹூவுக்குப் பக்கத்துல யுடிஎம்பி ஃபைலோட முழுப் பாதையைக் கொடுத்து அடிங்க, இப்போ எந்த சோதனையும் இல்லாம ஃபைல்ல இருக்கிறதை அப்படியே கொட்டும். ஒரே கமாண்டு, ஒரே ஃபைல், ரெண்டு வேற அவுட்புட். ஒரு ஃபைலை நாமளே குறிப்பிட்டுக் கொடுத்தா அது வேற மெஷின்ல இருந்து எடுத்துட்டு வந்ததாவும் இருக்கலாம், அதனால இங்க இருக்கிற பிஐடியோட ஒப்பிடக்கூடாதுங்கறது காரணமா இருக்கும்னு நினைக்கிறேன், நியாயமான முடிவுதான். ரெண்டையும் ஓடவிட்டு டிஃப், அதாவது வித்தியாசம், எடுத்தீங்கன்னா செத்த ரெக்கார்டு மட்டும் தனியா வந்து விழும். இதைவிட வேகமான வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல.

இந்த டிஃப்ல வராம, சும்மா அடிச்ச ஹூவுலயே சந்தேகமான ஒரு பேரு நிக்குதுன்னா அது வேற வியாதி. அப்போ பிஐடி உயிரோட இருக்கு. ஹூ மைனஸ் யு போட்டு பிஐடிய எடுத்து, ப்ராசஸ் லிஸ்ட் காட்டற பிஎஸ் கமாண்டுல அந்த பிஐடிக்கு எல்ஸ்டார்ட் கேளுங்க, அதாவது ப்ராசஸ் பிறந்த நேரம். யுடிஎம்பில இருக்கிற லாகின் நேரத்துக்கு ரொம்ப அப்புறம் பிறந்த ப்ராசஸ்னா அது அந்தப் பழைய செஷனே கிடையாது, நம்பர் ஒரு சுத்து சுத்தி வந்து வேற யாருக்கோ கிடைச்சிருக்கு. பிஐடி உச்சவரம்பு 32768ஆ இருந்த மெஷின்கள்ல இது சர்வசாதாரணம், இப்போ இனிட் இடத்துக்கு வந்த சிஸ்டம்டி 64 பிட்ல அதை 4194304 வரைக்கும் ஏத்தி வெச்சுட்டதால குறைஞ்சிருக்கு. இந்த ஒப்பீட்டைப் பண்ணாம அந்த பிஐடிய கில் பண்ணாதீங்க, ரெக்கார்டுல ஒருத்தர் பேரு இருக்கும், கொல்றது இன்னொருத்தரோட டேட்டாபேஸா இருக்கும்.

பிறந்த நேரமும் லாகின் நேரமும் ஒத்துப் போகுது, ப்ராசஸ் எஸ்எஸ்எச்டிதான் (எஸ்எஸ்எச்சோட சர்வர் பக்க ப்ரோகிராம்), ஆனா ஆள் லேப்டாப்பை மூடிட்டுப் போயி ரொம்ப நேரம் ஆச்சுன்னா? இங்க ரெக்கார்டு பொய் சொல்லல. சர்வர் பக்கம் அந்த கனெக்‌ஷன் உயிரோட இருக்கறதாவே நினைச்சுட்டு இருக்கு, ஏன்னா அந்தப் பக்கம் போனவங்க போறேன்னு ஒரு பாக்கெட் கூட அனுப்பல, நடுவுல இருக்கிற ஃபயர்வாலும் சத்தமில்லாம தன் டேபிள்ல இருந்து எடுத்துட்டுப் போயிடுச்சு. எஸ்எஸ்எச்டில டிசிபி கீப்அலைவ், அதாவது அந்தப் பக்கம் உயிரோட இருக்கான்னு தட்டிப் பார்க்கறது, டிஃபால்ட்டாவே ஆன்லதான் இருக்கும், ஆனா லினக்ஸ் கர்னல் முதல் ப்ரோபை அனுப்பறதுக்கே 7200 செகண்டு காத்திருக்கும், அப்புறம் 75 செகண்டுக்கு ஒண்ணா 9 ப்ரோப், மொத்தமா கிட்டத்தட்ட ரெண்டு மணி பதினோரு நிமிஷம். இதே செஷன்ல ஏதாவது அவுட்புட் ஓடிட்டு இருந்துச்சுன்னா கதை வேற, அனுப்பின டேட்டாவுக்கு அக்னாலெட்ஜ்மென்ட் வராம கர்னல் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துட்டு பதினஞ்சு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல போனதும் கைவிட்டுடும். அதனாலதான் லாக் ஃபைலை டெயில் பண்ணிட்டே போனவரோட செஷன் சீக்கிரம் க்ளீன் ஆகுது, சும்மா ப்ராம்ப்ட்ல விட்டுட்டுப் போனவரோடது நிக்குது. இதுக்கு மருந்து எஸ்எஸ்எச்டி கான்ஃபிக்ல க்ளையன்ட் அலைவ் இன்டர்வல், அது டிஃபால்ட்டா 0, அதாவது ஆஃப். 60ன்னு வெச்சா, க்ளையன்ட் அலைவ் கவுன்ட் மேக்ஸ் டிஃபால்ட் 3ங்கறதால, சுமார் மூணு நிமிஷத்துல செத்த கனெக்‌ஷன் அறுந்துடும், அறுக்கறது எஸ்எஸ்எச்டியே ஆனதால ரெக்கார்டும் ஒழுங்கா மூடும். வைஃபை விட்டு விட்டு வர்ற ஆளுங்க இருந்தா கொஞ்சம் கூட்டி வைங்க, இல்லன்னா திட்டு வாங்குவீங்க.

பழசு மாதிரி தெரிஞ்சாலும் பழசே இல்லாத ரெண்டையும் சொல்லிடறேன். எங்கிருந்துங்கற இடத்துல ஐபிக்கு பதிலா டிமக்ஸ்னு போட்டு அடைப்புக்குறிக்குள்ள ஒரு நம்பரோட வந்தா அது ஒரே டெர்மினலைப் பலதா பிரிக்கிற டிமக்ஸ்ங்கற டூலோட ஒரு பேன், உயிரோட இருக்கற டெர்மினல், கை வைக்காதீங்க. மோஷ்னு வந்தா (எஸ்எஸ்எச் மாதிரி உள்ள வர்ற இன்னொரு வழி) அதுவும் அப்படித்தான், மோஷ் சர்வர் க்ளையன்ட் திரும்ப வரும்னு காலவரையில்லாம காத்திருக்கும், அதுக்கு டைம்அவுட் வேணும்னா தனியா ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் வைக்கணும்.

இதெல்லாம் பார்வைக்குத்தான தப்பு, வேலைக்கு என்ன குறைன்னு கேக்கறவங்களுக்கு நான் பக்கத்துல இருந்து பார்த்த ஒரு கேஸை சொல்றேன். நிறைய பேர் சேர்ந்து உபயோகிக்கிற ஒரு கம்ப்யூட் சர்வர். ஒருத்தருக்கு லாகினே ஆகல, பாஸ்வேர்டு சரி, கீ சரி, உள்ள போன உடனே வெளிய தள்ளுது, டூ மெனி லாகின்ஸ்னு மெசேஜ். அட்மின் ஹூ அடிச்சுப் பார்த்துட்டு "நீங்க எங்கயும் லாகின்லயே இல்லையே"ன்னு சொல்றாரு, இவரு "உள்ள விடாத மெஷின்ல நான் எப்படி இருப்பேன், ஆனா நிறைய லாகின்னு அதுதானே சொல்லுது"ன்னு சொல்றாரு, ரெண்டு பேருமே உண்மை பேசறாங்க. லிமிட்ஸ் கான்ஃபிக் ஃபைல்ல மேக்ஸ்லாகின்ஸ்னு ஒரு உச்சவரம்பு போட்டிருந்தாங்க. அதைச் செயல்படுத்தற, லாகினை அனுமதிக்கிற பேம் அமைப்போட லிமிட்ஸ் மாட்யூல் எண்ணறது யுடிஎம்பி ரெக்கார்டைத்தான். புது வெர்ஷன்ல பிஐடி உயிரோட இல்லன்னா ஸ்டேல் யுடிஎம்பி என்ட்ரின்னு லாக்ல எழுதிட்டு அதைக் கணக்குல சேர்க்காது, அந்த மெஷின்ல இருந்ததோ பழசு, கண்ணை மூடிட்டு எண்ணிச்சு. அதாவது ஹூ மறைச்சதை பேம் எண்ணிச்சு.

அந்த செத்த ரெக்கார்டெல்லாம் எங்கிருந்து வந்துதுன்னு தேடிப் போனா ராத்திரி க்ரான்ல, அதாவது நேரம் வெச்சு வேலை ஓட்டற டூல்ல, ஓடற ஒரு க்ளீனப் ஸ்கிரிப்டு. ரொம்ப நேரம் ஐடிலா இருக்கிற செஷனைக் கண்டுபிடிச்சு ஹூ மைனஸ் யு கொடுக்கிற பிஐடிய எடுத்து நேரா கில் மைனஸ் 9. அந்த பிஐடி யாரோடதுன்னு பாருங்க, பிஎஸ்ல எஸ்எஸ்எச்டி, யூசர் பேரு, பக்கத்துல ப்ரிவ்னு போட்டு வருமே, அந்த ரூட் உரிமையோட ஓடற ப்ராசஸ். யுடிஎம்பில எழுதறதும் அழிக்கறதும் அதோட பொறுப்பு, ஏன்னா யூசர் உரிமையில ஓடற இன்னொரு பாதிக்கு அந்த ஃபைல்ல எழுத அனுமதியே கிடையாது. கணக்கை முடிக்க வேண்டிய ஆளையே ஸ்கிரிப்டு கொன்னுட்டு இருந்துச்சு, தினமும். பழைய செஷனை சுத்தம் பண்ண எழுதினதே பழைய செஷனை உற்பத்தி பண்ணிட்டு இருந்துச்சு.

அப்போ ஒருத்தரோட செஷனை எப்படி முடிக்கணும்? முதல்ல ஷெல்லுக்கு சாதாரண கில் அனுப்பிப் பார்ப்போம், ஒண்ணும் ஆகாது, ஏன்னா இன்டராக்டிவ்வா ஓடற பேஷ் ஷெல், சாதாரண கில் அனுப்பற டெர்ம் சிக்னலைக் கண்டுக்காது, அது வேணும்னே அப்படி எழுதினது. இந்த இடத்துலதான் பொறுமை போயி நிறைய பேர் 9க்குத் தாவறாங்க. அதுக்கு முன்னாடி ஹேங்கப் இருக்கு, கில் மைனஸ் ஹப். டெர்மினல் லைன் அறுந்துதுன்னா வர்ற அதே சிக்னல், பேஷ் அதை மதிச்சு தன் பிள்ளைங்களுக்கும் சொல்லிட்டு வெளிய போகும், ஷெல் போனதை எஸ்எஸ்எச்டி பார்த்து ரெக்கார்டை முடிச்சு வைக்கும். ஷெல் தொங்கிப் போயிருக்குன்னா ஷெல்லுக்கு 9 கொடுத்தாக்கூட பரவாயில்ல, எஸ்எஸ்எச்டி உயிரோட இருக்கிற வரைக்கும் கணக்கு சரியாத்தான் முடியும். எஸ்எஸ்எச்டிக்கே அனுப்பணும்னா சாதாரண டெர்ம் போதும், பிள்ளைக்குத் தள்ளிவிட்டு, அது போனதும் சுத்தம் பண்ணிட்டு தானும் போகும். அந்த ஸ்கிரிப்டுல 9ஐ எடுத்துட்டு ஹப் போட்டதோட புதுசா ரெக்கார்டு நிக்கறது நின்னுடுச்சு.

ஏற்கனவே நிக்கிறதை என்ன பண்றதுங்கற கேள்வி மிச்சம். இதுல நிறைய தன்னாலயே சரியாகும், அது எப்படின்னா, ரெக்கார்டுக்குள்ள 4 பைட்டுல ஒரு ஐடி இருக்கு, பிடிஎஸ் 3ங்கற டெர்மினல்ல வர்ற எஸ்எஸ்எச் செஷனுக்கு அந்த டெர்மினல் பேரோட கடைசி நாலு எழுத்து. புதுசா ஒருத்தர் வந்து பிடிஎஸ் 3 கிடைச்சா அதே ஐடிங்கறதால பழைய ரெக்கார்டு மேலயே எழுதிடும். கர்னல் காலியா இருக்கிறதுல சின்ன நம்பரைத்தான் முதல்ல கொடுக்கும், அதனால சின்ன நம்பர்ல நிக்கிறது சீக்கிரம் மறையும், கூட்டமான நாள்ல பிடிஎஸ் 47 வரைக்கும் போயி அங்க மாட்டின ஒண்ணு மாசக்கணக்கா நிக்கும். ஆனா எல்லா ப்ரோகிராமும் ஐடிய ஒரே மாதிரி உருவாக்கறதில்ல, எக்ஸ்டெர்ம் விட்டுட்டுப் போனதுக்கும் எஸ்எஸ்எச்டி எழுதறதுக்கும் ஐடி ஒத்து வரலன்னா ஒரே டெர்மினலுக்கு ரெண்டு பேர் இருக்கற மாதிரி ரெண்டு வரி வரும்.

கையால சரி பண்ணணும்னா யுடிஎம்பி டம்ப்னு ஒரு டூல் இருக்கு. பைனரியை சதுர அடைப்புக்குறி போட்ட டெக்ஸ்டா மாத்தும், மைனஸ் ஆர் போட்டா டெக்ஸ்டைத் திரும்ப பைனரியாக்கும். இதுல நான் விடாம கடைப்பிடிக்கிறது, வரியை அழிக்க மாட்டேன், முதல் அடைப்புக்குறியில இருக்கிற 7ஐ 8ஆ மட்டும் மாத்துவேன். ஒரு எழுத்துக்கு ஒரு எழுத்து. திரும்பப் படிக்கும்போது அந்த டூல் காலம் அகலத்தை நம்பித்தான் படிக்கும், ஸ்பேஸ் ஒண்ணு கூடினாலோ குறைஞ்சாலோ குளறுபடி, அதுவும் இல்லாம செஷன் முடிஞ்சுதுன்னா ஒழுங்கான ப்ரோகிராம் என்ன எழுதுமோ அதையே நாமளும் எழுதறோம். ரெண்டாவது, டம்ப், டெக்ஸ்டை மாத்தற செட் கமாண்டு, டம்ப் மைனஸ் ஆர்னு ஒரே பைப்பா போட்டு கடைசியில அதே யுடிஎம்பிக்கு ரீடைரக்ட் பண்ணிடாதீங்க, ஷெல் அந்த ஃபைலைத் திறக்கும்போதே காலி பண்ணிடும், படிக்க ஒண்ணும் இருக்காது. தற்காலிகமா வேற ஃபைல்ல எழுதிட்டு, மூவ் பண்ணாம, கேட் போட்டு உள்ள ஊத்துங்க, அப்போதான் ரூட் ஓனர், யுடிஎம்பி க்ரூப், 664 பெர்மிஷன் எல்லாம் அப்படியே இருக்கும்.

இந்த வழியில ஒரு ஓட்டை இருக்கு, டம்ப் எடுத்ததுக்கும் ஊத்தினதுக்கும் நடுவுல யாராவது லாகின் ஆனா அவங்க ரெக்கார்டு போயிடும், ஏன்னா லாக் எதுவும் பிடிக்கல. கூட்டம் இல்லாத நேரத்துல பண்ணலாம். அடிக்கடி தேவைப்படுதுன்னா சின்னதா ஒரு சி ப்ரோகிராம் எழுதறதுதான் எனக்குப் பிடிச்ச வழி: கெட்யுடிஎன்ட்ல ஒவ்வொரு ரெக்கார்டா எடுத்து, வகை 7ஆ இருந்து, பிஐடிக்கு சிக்னல் 0 அனுப்பினா அப்படி ஒரு ப்ராசஸே இல்லன்னு எர்ரர் வந்தா, வகையை 8ஆக்கி புட்யுடிலைன்ல திரும்பப் போடு. எழுதற வேலையை லைப்ரரி லாக் பிடிச்சுப் பண்ணும், மத்தவங்க ரெக்கார்டைத் தொடாது.

ஃபைலை ஒரேயடியா காலி பண்ணிடுங்கன்னு சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க. உள்ள இருக்கிற எல்லாரும் ஹூவுல இருந்து மறைஞ்சுடுவாங்க, பூட் டைம் ரெக்கார்டும் அதுல போயிடும், மெஷினை நிறுத்தப் போறோம்னு வால் கமாண்டுல எச்சரிக்கை அனுப்பினா யுடிஎம்பியை நம்பற வால் யாருக்கும் சொல்லாது, பாதி வேலையில இருக்கிறவங்க தலையில இடி விழும். டபிள்யுடிஎம்பியைத் தொடவே தொடாதீங்க. அந்த வரலாற்றைக் காட்டற லாஸ்ட் கமாண்டுல கான் நோ லாகவுட்னு வர்ற வரி அசிங்கமா இருக்குன்னு அழிக்கத் தோணும், ஆனா அது நடந்தது நடந்தபடி எழுதின சாட்சி, செஷன் முறையா முடியலங்கறதே ஒரு தகவல். உள்ள புகுந்தவங்க முதல்ல கை வைக்கிற இடமும் அதுதான். 1994லயே சன்ஓஎஸ்ல யுடிஎம்பியை யார் வேணா எழுதலாம்னு இருந்ததை வெச்சு ரூட் எடுக்க முடியும்னு செர்ட்ங்கற பாதுகாப்பு அமைப்பு எச்சரிக்கை விட்டுச்சு, அந்த ஃபைலுக்குன்னே தனி க்ரூப் ஏன் வெச்சிருக்காங்கன்னு புரிய இது போதும்.

சிஸ்டம்டி இருக்கிற மெஷின்ல இதுக்குப் பக்கத்துலயே இன்னொரு கணக்கு ஓடுது, சிஸ்டம்டியோட பாகமான லாகின்டி வெச்சிருக்கறது. லாகின்சிடிஎல் லிஸ்ட் செஷன்ஸ் அடிச்சா தெரியும். இதை எனக்குப் பிடிக்கும், ஏன்னா ஒவ்வொரு செஷனும் ஒரு சிக்ரூப்புக்குள்ள, அதாவது கர்னல் கணக்கு வைக்கிற ஒரு ப்ராசஸ் கூட்டத்துக்குள்ள, இருக்கு, உள்ள எத்தனை ப்ராசஸ் மிச்சம்னு கர்னலே சொல்லும், பழைய இனிட் மாதிரி சாவு சேதி போற இடமும் கணக்கு எழுதற இடமும் திரும்ப ஒண்ணாச்சு. இங்க வர்ற பிரச்சினை வேற ரகம், செஷன் க்ளோசிங்னு போட்டு அப்படியே நிக்கும். ஆள் போயாச்சு, ஆனா அவர் பேக்ரவுண்டுல விட்டுட்டுப் போன டிமக்ஸோ நோஹப் ஸ்கிரிப்டோ அந்த சிக்ரூப்புக்குள்ள ஓடிட்டு இருக்கு. செஷன் ஸ்டேட்டஸ் கேட்டா என்ன ப்ராசஸ்னு மரம் மாதிரி காட்டும், பார்த்துட்டு வேண்டாம்னா டெர்மினேட் செஷன். இதையெல்லாம் தன்னாலயே கொல்லட்டும்னு 2016ல சிஸ்டம்டி 230ல டிஃபால்ட்டை மாத்தினாங்க, டிமக்ஸ் எல்லாம் செத்து விழுந்து பெரிய சண்டை ஆச்சு, டெபியன் மாதிரி டிஸ்ட்ரோக்கள் அதை ஆஃப் பண்ணியே கொடுத்தாங்க. எனக்கும் ஆஃப்ல இருக்கறதுதான் சரின்னு படுது, ராத்திரி முழுக்க ஓட வேண்டிய வேலையை சுத்தம்ங்கற பேர்ல கொல்லக்கூடாது. இன்னொண்ணு, எஸ்எஸ்எச் லாகின் கரெக்டா 25 செகண்டு தொங்கிட்டு உள்ள விடுதுன்னா யுடிஎம்பியை நோண்டாதீங்க, அது ப்ரோகிராம்கள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற டிபஸ்ஸோட டைம்அவுட், லாகின்டி பதில் சொல்லலன்னு அர்த்தம், டிபஸ்ஸை யாராவது ரீஸ்டார்ட் பண்ணாங்களான்னு கேளுங்க.

மத்த யுனிக்ஸ்ல சுருக்கமா: சோலாரிஸ்ல யுடிஎம்பிடின்னு ஒரு டீமனே இதுக்காக ஓடும், செத்த ப்ராசஸைக் கண்காணிச்சு ரெக்கார்டை மூடறதுதான் அதோட வேலை, அது ஓடுதான்னு பார்த்தாப் போதும். ஏஐஎக்ஸ்ல எஃப்டபிள்யுடிஎம்பின்னு கன்வெர்ட் பண்ற டூல். ஃப்ரீபிஎஸ்டி 9ல பழைய ஃபைல் ஃபார்மேட்டையே தூக்கிட்டு யுடிஎக்ஸ்னு புதுசா வெச்சாங்க, நிக்கிற செஷனை எடுக்க யுடிஎக்ஸ் கமாண்டுக்கு ஆர்எம் கொடுத்தாப் போதும்.

லினக்ஸ்லயும் இந்த ஃபைலோட காலம் முடியப் போகுது. காரணம் செத்த ரெக்கார்டு இல்ல, தேதி. 64 பிட் இன்டெல்லயும் பழைய 32 பிட் ப்ரோகிராமோட ஒத்துப் போகணும்னு யுடிஎம்பிக்குள்ள நேரத்தை 32 பிட்லயே வெச்சுட்டாங்க, அது 2038 ஜனவரி 19ஆம் தேதி நிரம்பி வழியும். ரெக்கார்டு அளவை மாத்தினா இத்தனை வருஷமா படிச்சுட்டு இருக்கிற எல்லா ப்ரோகிராமும் உடையும். அதனால சூசேல இருக்கிற தோர்ஸ்டன் குகுக் டபிள்யுடிஎம்பிடிபின்னு எஸ்க்யூலைட் டேட்டாபேஸ்ல ஒண்ணு எழுதினாரு, கடைசி லாகினைக் காட்டற லாஸ்ட்லாகுக்கும் லாஸ்ட்லாக்2ன்னு மாற்று வந்துடுச்சு, ஹூ மாதிரி டூல்களை இப்போ யுடிஎம்பிக்கு பதிலா லாகின்டிகிட்ட கேக்கிற மாதிரியும் பில்டு பண்ணலாம். டெபியன் 13ல லாஸ்ட், லாஸ்ட்பி, லாஸ்ட்லாக் எல்லாம் பழைய இடத்துல கிடையாது. ஆல்பைன் மாதிரி மசில் லைப்ரரி இருக்கிற கன்டெய்னர்ல யுடிஎம்பி ஃபங்ஷன் எல்லாம் பேருக்குத்தான், கூப்பிட்டா ஒண்ணும் பண்ணாது, அங்க ஹூ காலியா வந்தா யாரும் இல்லன்னு எடுத்துக்காதீங்க. அதனால புது மெஷின்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி அந்த ஹூ எங்கிருந்து படிக்குதுன்னு, எந்த ஃபைலைத் திறக்குதுன்னு காட்டற எஸ்ட்ரேஸ் போட்டு ஒரு தடவை பார்த்துடுங்க. யுடிஎம்பியைத் திறந்தா மேல சொன்ன வழி, சிஸ்டம்டியோட செஷன்ஸ் டைரக்டரியைத் திறந்தா லாகின்சிடிஎல்.